தடையுத்தரவில் சேராத ஒருத்தி

அன்பு மகனுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் சர்க்கரைகூடக் கட்டுக்குள்தான் இருக்கிறது, தூக்கம்தான் சரியில்லை. போனில் நீ கேட்டால் நன்றாக இருக்கிறோம் என்றே வாயில் வந்துவிடுகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவின் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து அந்த ஆபரேட்டர் இறந்ததிலிருந்து தொழிலாளர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்தது உனக்குத் தெரியும். மைக் வைத்து, மேனேஜர் கொலைகாரன் என்று கத்தினார்கள், நான் காய்கறி வாங்கப் போனால் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். நம் வக்கீல் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கிவிட்டார். நீதிபதி ஒரு பெண்மணி, நிதானமானவர். தொழிற்சாலை வாசலில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கோஷம் போடுங்கள், அது உங்கள் உரிமை, குடியிருக்கும் வீட்டின் முன் மைக் வைப்பதும் ஒருவரைப் பின்தொடர்வதும் கூடாது என்றார்.

யார் யார் மேல் தடை கேட்டோமோ அந்தப் பட்டியலில் ஆபரேட்டரின் மனைவியையும் வக்கீல் சேர்த்திருந்தார். அவள் ஒரு நாளும் கத்தியதில்லை, எதிர்வீட்டு மதில் ஓரமாக நின்று நம் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். எல்லோருமே மிரட்டினார்கள் என்று சொல்லச் சொல்லித்தான் வக்கீல் என்னைக் கூட்டிப்போனார். நீதிபதி என்னைப் பார்த்து, "இவங்க என்ன பண்ணாங்கம்மா?" என்று கேட்டார். உண்மையில் எனக்கு மற்ற எல்லோரையும்விட அவளிடம்தான் பயம், பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் அவள் கண்தான். ஆனாலும் "பார்த்தாங்க" என்றுதான் சொல்ல முடிந்தது. பார்ப்பதற்கெல்லாம் தடை போட முடியாது என்று அவளை மட்டும் உத்தரவிலிருந்து நீக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் சத்தமில்லை, அவள் மட்டும் வந்தாள். சத்தம் இருந்தபோது கோபப்பட்டாவது பொழுது போனது. அப்பா ஜன்னலுக்குத் திரை போட்டார், திரைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது முதுகில் தெரிந்தது, அவள் வராத ஞாயிற்றுக்கிழமையும் நிற்பது போலவே இருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் இறங்கிப் போய், ஏம்மா, தொழிற்சாலை வாசலில் எல்லோரோடும் நிற்கலாமே என்றேன். "அங்க நின்னா நான் கூட்டத்துல ஒருத்திங்க. இங்க நின்னாதான் அவர் பொண்டாட்டி" என்றாள். பிறகு, "கடைசியா அவர்கிட்ட பேசினது உங்க வீட்டுக்காரர்தானாம். என்ன பேசினாருன்னு கேட்டுச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

வந்து அப்பாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவரே போனார், நானும் பின்னாலேயே போனேன். "பாய்லர்ல அழுத்தம் ஏறுது சார், நிறுத்திடலாமான்னு கேட்டாரும்மா. ஷிப்ட் முடியட்டும், கொஞ்சம் பொறுன்னு நான்தான் சொன்னேன். சரி சார்னு உள்ள போனாரு" என்றார். விசாரணையில், ஆபரேட்டர் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றல்லவா அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. "அப்ப அவர் சொல்லியிருக்காரு, தெரிஞ்சுதான் உள்ள போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டாள். அதன் பிறகு வரவில்லை. இப்போது அப்பாதான் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, சரி சார், சரி சார் என்று முணுமுணுக்கிறார். அது அவர் குரல் மாதிரியே இல்லை. என்னங்க என்று தொட்டுக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் விசாரணைக்குப் போகும்போது எழுதிக் கொடுத்ததை மாற்றிச் சொல்லப் போகிறாராம். ஜெயிலுக்குத்தான் போவார் என்கிறார் வக்கீல். உன்னைக் கூப்பிட்டு, பிள்ளை சொன்னால் கேட்பார், வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பார். மறந்துவிடாதே கண்ணா, நீ அதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள், போதும். மருமகளைக் கேட்டதாகச் சொல், இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

உன் அம்மா