அளக்காத மழை

மழையைத் தவிர வேறெதையும் சேர்த்து வைக்காத என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊர் நிலவரம் நன்றாக இல்லை. நீங்கள் போன அன்று பெய்ததோடு சரி. எரியோட்டுப் பக்கம் கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது. என் மண்டிக்கு வெங்காயம் கொண்டுவந்த சம்சாரிகள் இப்போது மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். பஞ்சம் வந்தால் வியாபாரிக்கு லாபம் என்று பேசுகிறார்கள். விற்கச் சரக்கு இருந்தால்தானே?

வெள்ளைக்காரன் காலத்தில் வானிலை ஆபீசில் சேர்ந்து, கடலோர ஊர்களில் பலூன் விட்டு, புயலுக்கு முந்தித் தந்தி அடித்தவர் நீங்கள். ஓய்வு பெற்று அக்காவோடு இங்கே வந்ததும் என் வீட்டுக் கொல்லையில் மழைமானியை நட்டீர்கள். வடமதுரை வரை ஜட்காவில் போய், எந்தப் பஞ்சத்தில் எந்தக் குளம் வற்றியது என்று கிழவர்களைக் கேட்டு எழுதினீர்கள்.

"அத்தான், நாளைக்கு மழை வருமா? சரக்கு வெளிய கெடக்கு."

"நேத்துப் பெஞ்சதக் கேளு மாப்ள, சொல்றேன். நாளைக்குப் பெய்யிறத ஒன் தரகன்கிட்டக் கேளு. அவந்தான் கூசாமச் சொல்லுவான்."

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. பெய்யாத நாளிலும் காலையில் மழைமானியைப் பார்த்துக் குறிப்பில் சைபர் போட வேண்டும். அளக்காததை ஊகித்து எழுதக் கூடாது. பின்னால் வருகிறவன் நம்பி ஏமாறுவான் என்பீர்கள்.

அந்த விடியற்காலையில் உங்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. "பால் ஊத்துங்க" என்றார்கள். அக்கா பால் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மழைமானிக்குள் இருந்த புட்டியை எடுத்துவந்து, அந்தத் தண்ணீரை உங்கள் வாயில் விட்டாள். ஒரு மடக்கு உள்ளே போனது. மீதி கழுத்தில் வழிந்தது. அதுதான் கடைசி.

காலையில் அளக்கிற நேரம் வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. உங்கள் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அளக்காம ஊத்திட்டேனேடா."

அன்றிலிருந்து இதே பேச்சு. உங்கள் மழைக் குறிப்பில் அந்த ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் குத்துமதிப்பு கைவந்த தொழில்.

"புட்டி பாதி இருந்துச்சுக்கா, நான் பாத்தேன். அரை அங்குலம்னு போட்ரு."

"ஒன் வெங்காய மூடையா இது? அவரு எழுதுனதுக்குக் கீழ பொய்ய எழுதச் சொல்றியா?"

"அப்பச் சைபர் போடு."

"பெஞ்சுச்சேடா."

நீங்கள் இருந்திருந்தால் அவளைத் திட்டியிருப்பீர்களா? அந்த மடக்கு மழைத் தண்ணீர் என்று உங்களுக்குத் தெரிந்ததா?

நேற்று அந்த வெற்று இடத்தில் அவள் சொல்ல, நான் எழுதினேன்: "மழை பெய்தது. அளக்கவில்லை. அவர் குடித்தார்." வாசித்துக் காட்டச் சொன்னாள். பிறகு எழுந்து போய்ப் புட்டியைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் சைபர்தான்," என்றாள்.

கொல்லையில் சரக்குக் கொட்டகை போடுவதாக இருந்தேன். சுவர் எழும்பினால் மழையை மறைக்கும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். போட மாட்டேன் அத்தான். அக்காவுக்கு முடியாத நாளில் நான் போய்ப் பார்த்துச் சைபர் போடுகிறேன். பெய்தால், அளந்துவிட்டுத்தான் யார் வாய்க்கும்.

உங்கள் மனைவியின் தம்பி,
சுப்பையா,
வெங்காய மண்டி, நாகல் நகர்.