நீளாத கிமோனோ

அன்புத் தோழி ஷிசுயேவுக்கு,

கினுயோ எழுதுவது. உறையில் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்தாயே, உனக்குப் புண்ணியம். மட்சுமோத்தோவில் பிளம் பூத்துவிட்டது. சப்போரோவில் இன்னும் பனி அள்ளிக்கொண்டிருப்பாய். மகளும் மருமகனும் நலம்தானே?

போன மாதம் கடைவாய்ப் பல் வலித்து டாக்டர் குபோதாவிடம் போனேன். வாய் முழுக்க ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்தாள். "ஒரு பல்லை எடுத்துடலாம், மத்ததெல்லாம் பாறை மாதிரி இருக்கும்மா. ஆனா தாடை எலும்போட கீழ் ஓரம் மெலிஞ்சு, அரிச்ச மாதிரி தெரியுது. எதுக்கும் இடுப்பெலும்பைச் சோதிச்சுப் பாத்துடுங்க" என்றாள். பல்லுக்குப் போனவளிடம் இடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஓயாம பேசினா தாடை தேயாம என்ன செய்யும்?" என்கிறார்.

ஆஸ்பத்திரியில் முதலில் உயரம் அளந்தார்கள். ஷிசுயே, நான் நாலு சென்டிமீட்டர் குறைந்துவிட்டேன்! எலும்பெல்லாம் மெலிந்து, முதுகில் ஒன்று எனக்கே தெரியாமல் நசுங்கியிருக்கிறதாம். நர்ஸ் பாவப்பட்டுக் கையைப் பிடித்தாள். நான் சிரித்துவிட்டேன். அந்த நாலு சென்டிமீட்டர் எங்கே போனது என்று எனக்குத்தானே தெரியும்.

என் ஊதாக் கிமோனோதான். தேநீர் விருந்துக்கு நீ இரவல் வாங்கித் திருப்பித் தந்தபின் கட்டினேன். நீளம் மிஞ்சி, இடுப்பில் மடித்துக் கட்டும் மடிப்பு இடுப்புப் பட்டைக்குக் கீழே வழிந்தது. நெட்டச்சி நீ உன் உயரத்துக்குத் தையலைப் பிரித்து நீட்டிவிட்டாய் என்று நாலு பேர் நடுவில் உன்னைக் கேட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வருஷம் பேச்சில்லை. நீ ஊரைவிட்டுப் போன அன்றுகூட நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. கிமோனோ நீளவில்லையடி, நான்தான் குள்ளமாகிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

பல் எடுத்த புண் ஆறியபின் மாத்திரை தொடங்கினார்கள். வாரம் ஒன்று, வெறும் வயிற்றில். பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. அந்த அரைமணியில்தான் இதை எழுதுகிறேன். விழுந்து இடுப்பு ஒடிவதற்குமுன் தெரிந்துகொண்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உனக்கும் என் வயதுதான். பல் டாக்டரிடம் போனால் தாடையையும் பார்க்கச் சொல்.

செர்ரி பூக்கும்போது வந்துவிடு. இந்தமுறை ஸ்டேஷனில் நிற்பேன். கிமோனோவைக் குறைத்துத் தைக்கவில்லை. அது இனி உன் அளவு, நீயே கட்டிக்கொள். ஒருவேளை நீயும் குறைந்திருந்தால், இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்துத் தைக்கலாம்.

உன் குள்ளச்சி,
கினுயோ