மூச்சை இறக்கிய கழுதை

அன்புள்ள தம்பிக்கு,

மலை மேய்ச்சல் குடிசையிலிருந்து அப்பாவின் உடலைக் கம்பளியில் சுற்றி நேற்றுக் கீழே கொண்டுவந்தோம். அந்தப் பாதைக்குக் கழுதையை விட்டால் வேறு வழியில்லை.

நம் கழுதை ஹேசலைத்தான் உனக்குத் தெரியுமே. வயிற்று வாரை இறுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து உப்பிக்கொள்வாள். பாதி வழியில் வார் தளர்ந்து, உப்பு மூட்டையும் வேலிக் கம்பியும் பள்ளத்தில் கிடக்கும். "என்கிட்டயேவாடி?" என்று அப்பா தினமும் திட்டுவார்.

"கள்ளி அவ. வயித்துல முட்டியால ஒண்ணு குடும்மா," என்றார் பக்கத்துப் பண்ணை ஹாலிஸ், நேற்று நான் வாரை இறுக்கப் போனபோது.

நான் முழங்காலைத் தூக்கவேயில்லை. அவளாகவே மூச்சை முழுக்க இறக்கிவிட்டாள். வார் இதுவரை தொடாத துளைக்குப் போனது. ஆறு மைல் தூரம், சுமை ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

பதினெட்டு வருஷம் அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். நீயும் வந்துவிடு.

உன் அக்கா