எலுமிச்சை நசுக்கிய பிறகு

என்னங்க,

"வேன் சக்கரத்துல எலுமிச்சம்பழத்த நசுக்கின பெறகு எவளாச்சும் சாமான எறக்குவாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு, உங்கள் அக்காவோடு அவர் ஊரான புக்கிட் பெலண்டோக் போனீர்கள். இன்னும் திரும்பவில்லை.

இறக்கினேன். இனியும் இறக்குவேன்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற மருமகள் வேனில் இருந்தாள். அவள் ஊரான தம்பின் வரைக்கும் டிசம்பர் மழை. தோட்டத்துச் செம்மண் சாலை சோப்புப் போட்டதுபோல் வழுக்கியது. ஆட்களுக்கு இடம் வேண்டுமென்று அரிசி மூட்டைகளைக் கூரைமேல் கட்டியிருந்தீர்கள். ஓட்டுகிறவள் நான். மூட்டைகளை உள்ளே, சீட்டை ஒட்டித் தரையில் அடுக்கினேன். அக்காவுக்கு இடமில்லாமல் போயிற்று.

"டீச்சர் வேல பாத்த திமிருலா!" என்றார்.

"ஆமாங்க அண்ணி, அடுத்த தடவ ஏறிக்குங்க" என்றேன்.

ரந்தாவ் வளைவில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வேன் கொஞ்சம் சறுக்கி, சாயாமல் நின்றது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, மூட்டை மேல இருந்திருந்தா?" என்றாள்.

அதற்குப் பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். ஓர் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு ஈர வாசலில் சட்டென்று திரும்பிப் பாருங்கள். பிறகு அதையே இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். எதில் கால் தடுமாறியது என்று எழுதுங்கள்.

உங்கள் மனைவி