பால் கட்டி என்றார்கள்

தை 18, செவ்வாய்.
பனி. துணி காயவில்லை. செந்துறைக் கடையில் இன்றும் மண்ணெண்ணெய் இல்லை.

அண்ணிக்கு முதுகு தேய்த்துவிடப் போனேன். இடது மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிள்ளைக்குப் பால் மறக்கடித்தால் இங்கே எல்லாரும் செய்வதுதான், பால் வற்ற. ஆனால் அவள் பிள்ளை ராசு பால் மறந்தது ஐப்பசியில்.

"இன்னுமா அண்ணி?"

"பால் கட்டிக்கிட்டு இருக்கு கமலா. கரைஞ்சிரும்னாங்க அத்தை."

என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். கூழாங்கல். நகரவில்லை.

"வலிக்குதா?"

"வலிச்சா சும்மா இருப்பேனா? ஒண்ணுமேயில்ல."

தை 19.
வாசிக்க முடியவில்லை. மெட்ராஸ் ஹாஸ்டலில் டாக்டருக்குப் படித்த தோழி ஒரு நாள் சொன்னது: வலிக்கிற கட்டிக்கு ஓடி வருகிறார்கள், வலிக்காததைக் கடைசிவரை ஒளித்து வைக்கிறார்கள். கேட்டுவிட்டு சினிமாவுக்குப் போனோம்.

அண்ணி நெல் புடைக்கிறாள். பாட்டு வேறு.

தை 21.
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த எடத்தப் போயி ஊரார்கிட்ட காட்டுறதா?"

"லேடி டாக்டர்ப்பா. திருச்சியில."

"யாரா இருந்தா என்ன? எம் மவன் ஊர்ல இல்ல. வந்து கேட்டான்னா என்ன சொல்றது?"

அண்ணன் சிங்கப்பூரில். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து கடிதம் இல்லை. ராசுவை அவன் பார்த்ததே இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து: "பி.ஏ. படிச்சவ பால் கட்டிக்குப் பேரு வெக்கிறா. ஒண்ணப் பெத்துட்டு வந்து சொல்லுடி."

தை 24.
புளி உலுக்கல். கூலி ஆட்கள் நான்கு பேர். சோறு போதவில்லை.

அண்ணி கையைத் தூக்கிக் கூந்தல் முடியும்போது பூக்கட்டு நழுவியது. பார்த்தேன். கட்டிக்கு மேலே தோல் உள்ளே இழுத்துக்கொண்டது, பூசணிக்காயின் காம்படி மாதிரி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி தூக்கச் சொன்னாள். மறுபடி.

அம்மாவே பூவை அவிழ்த்து எருக்குழியில் போட்டாள்.

"அரியலூருக்குக் கரி பஸ் காலையில எப்ப வருது? அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தை 25. திருச்சி.
பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் வழியில் இரண்டு தரம் நின்றது, கரி கிண்ட. ரயிலில் பட்டாளத்து ஆட்கள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அண்ணி, முக்காட்டை எடுக்கவில்லை.

டாக்டர் வயதானவர். மார்பைத் தொட்டார். பிறகு அக்குளை. அங்கே அவர் விரல் நின்றது.

"எப்பம்மா மொதல்ல பார்த்தீங்க?"

"ஐப்பசியிலங்க. அதுக்கு முந்தியும் இருந்திருக்கும்."

"பார்த்த அன்னிக்கே வந்திருக்கணும். மார்பையே முழுசா எடுக்கணும். நாளைக்கே."

"அவருகிட்ட கேக்காம எப்படிங்க?"

எங்கே இருக்கிறார் என்று கேட்டார் டாக்டர். நான் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு எழுதினார்.

தை 26.
வராந்தாவில் பினாயில் நாற்றம். அம்மா அண்ணிக்குப் பின்னல் போடுகிறாள்.

"ஒண்ணு போயிட்டா அவரு என்னைச் சேத்துக்குவாரா அத்தை?"

"மொதல்ல கேக்கறதுக்கு அவன் வரட்டும். நீ இருக்கணும்ல."

நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

நர்ஸ் வந்தாள். வளையல், தோடு, மூக்குத்தி. எல்லாம் கழற்றியாயிற்று.

"கழுத்துலயும் எதுவும் இருக்கக் கூடாதும்மா."

அண்ணி இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் சுவரைப் பார்த்து நின்றாள். அம்மா விரல் விரலாகப் பிரித்துத் தானே கழற்றினாள். என்னிடம் கொடுத்தாள்.

கதவு சாத்திவிட்டார்கள். கையில் தாலி, இன்னும் அண்ணியின் உடம்புச் சூட்டோடு.