பாதிக்கு மேல் கை தூக்கினால்

1 மே 2015, வெள்ளி

மே தினம். உழைப்பாளிகளுக்கு லீவு என்று டிவியில் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு சாண் நெய்தேன்.

பத்தரைக்கு சங்கரி போன் செய்தாள். ஈராக்கில் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. எர்பில் என்ற ஊரில், குர்துக்காரர்கள் ஆளும் பக்கம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்கிறாள்.

இந்திராணி போனை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணு. நீங்களே பேசுங்க" என்று உள்ளே போய்விட்டாள். நர்சிங்கில் முதல் வகுப்பு வாங்கியபோது அவள் பெண்ணாக இருந்தவள்தான் இது.

"லீவுல வந்துட்டுப் போயேம்மா" என்றேன்.

"இப்ப வந்தா நம்ம கவர்மெண்டு திரும்ப விடாதுன்னு பேசிக்கிறாங்கப்பா. ஒண்ணு இருக்கணும், இல்ல மொத்தமா வந்துடணும்."

யோசித்து முடிவு சொல்கிறேன் என்றேன். பெரிய முடிவு சொல்பவன். நெசவாளர் சங்கத்தில் பதினொரு இயக்குநர்களில் நான் பதினொன்றாவது ஆள். கூட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம், டீ வரவில்லை என்று நினைவுபடுத்துவது.

டிவியில் தினமும் காட்டும் அந்தத் தீவிரவாதிகள் பிடித்து வைத்திருக்கும் மோசூல், எர்பிலிலிருந்து நம் ஊருக்கும் மெட்ராசுக்கும் உள்ள தூரம்தான். போன மாதம் எர்பிலுக்குள்ளேயே காரில் குண்டு வெடித்தது. கேட்டால், "அது அந்தாண்டப்பா, நான் இந்தாண்ட" என்கிறாள். எது நடந்தாலும் அவள் இந்தாண்டதான்.

5 மே, செவ்வாய்

ஜரிகை வாங்க ஷபியுல்லா பாய் கடைக்குப் போனேன். இங்கிலீஷ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார்.

"மாணிக்கம், உக்காரு. உன் பொண்ணு ஊரு வந்துருக்குது. அமெரிக்காவுல ஒரு மசோதா. குர்துக்காரனுக்கு நேரா ஆயுதம் குடுக்கணும்னு."

"இப்ப குடுக்கலியா?"

"குடுக்கிறான். பாக்தாத் வழியா போவுது. பாக்தாத்காரன் பிரிச்சுப் பார்த்து, மெதுவா, அவனுக்குத் தோணினத அனுப்புறான்னு குர்துக்காரங்க சொல்றாங்க. எதிரில நிக்கிறது இவங்க பசங்க. அந்தப் பாவிங்க கையில புது துப்பாக்கி, இவங்க கையில தாத்தா காலத்துது."

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு உலக அரசியல் இப்படி ஒரே பேச்சில் புரிந்தது இதுதான் முதல் தடவை. நமக்குப் பட்டு நூல் வரும் வழி இதுதானே. நாங்கள் அரக்கு கேட்போம். அது மேலே போய், கீழே வந்து, சங்கத்து அலமாரியில் தூங்கி எழுந்து, பச்சையாக வரும். அதுவும் முகூர்த்தம் முடிந்த பிறகு.

பெஷ்மெர்கா என்பது அவர்கள் படையின் பெயர். பாய் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். எனக்கு நான்கு விதமாக வந்தது.

8 மே, வெள்ளி

இன்றைக்கு ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எழுதி வைக்கிறேன். அடிக்கடி நடப்பதில்லை.

சங்கரி போனில் மறுபடி ஆரம்பித்தாள். நான் சங்கக் குரலில் சொன்னேன்: "அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துக்கினு இருக்குதாமே, உங்காளுங்களுக்கு நேரா துப்பாக்கி குடுக்க. அது ஓட்டுக்கு வந்து, பாதிக்கு மேல கை தூக்கினாங்கன்னா நீ இரு. இல்லன்னா மூட்டையக் கட்டு."

"நிஜமாவாப்பா?"

"சங்கத்து டைரக்டர் சொல்றேன்."

சிரித்தாள். சரி என்றாள்.

என் கணக்கு இதுதான். எங்கள் சங்கத்தில் கக்கூஸ் கட்டும் தீர்மானம் நிறைவேற நாலு வருஷம் ஆயிற்று. அமெரிக்கா எவ்வளவு பெரிய சங்கம். ஜூன் முப்பதுக்குள் ஒன்றும் நகராது. பெண் தானாக வந்துவிடுவாள். அப்பன் தடுத்தான் என்ற பெயரும் இல்லை.

இந்திராணியிடம் சொன்னேன். "அவ இருக்கிறதும் வர்றதும் எவனோ கை தூக்கறதுலயா இருக்குது?" என்றாள். இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும்.

12 மே

மசோதா என்ன ஆயிற்று என்று பாயைக் கேட்டேன். "டெய்லி வந்து கேக்கறியே, பிளஸ் டூ ரிசல்டா இது?" என்றார்.

18 மே, திங்கள்

அமாவாசை. தறியில் உட்காரக் கூடாத நாள். கை சும்மா இருந்தால் கண் டிவிக்குப் போகிறது. ஈராக்கில் ரமாடி என்ற ஊரையும் அந்தத் தீவிரவாதிகள் பிடித்துவிட்டார்களாம். இந்திராணி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல நம்ம பொண்ணு எங்க இருக்குது?" விரலை வைத்துக் காட்டினேன். காட்டுவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

உடனே போன் போட்டோம். "அது ரொம்ப தெக்கேம்மா" என்றாள். இந்தாண்ட என்று சொல்லவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

21 மே

எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தச் சட்டம் தோற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோற்றால் என் பெண் வருவாள். அவள் இருக்கும் ஊரைக் காத்து நிற்கும் பையன்களுக்குத் துப்பாக்கி வராது. ஜெயித்தால் அவள் அங்கேயே இருப்பாள். எனக்கு எது வேண்டும்? பெண் ஊருக்கு வரும்வரை அந்தப் பையன்கள் பழைய துப்பாக்கியோடே எப்படியோ நின்றால் போதும் என்றா?

ஆமாம். அதுதான். அசிங்கம்.

29 மே, வெள்ளி

சங்கரி பேசினாள். அவள் வார்டில் ஒரு பெஷ்மெர்கா பையன். தோளில் குண்டு. சுடும்போது துப்பாக்கி அடைத்துக்கொண்டதாம். குனிந்து சரி செய்துகொண்டிருந்தபோது பட்டது. துப்பாக்கிக்கு அவனைவிட வயது அதிகம்.

"அவங்கப்பா கூடவே இருக்காருப்பா. டெய்லர். உன்ன மாதிரியே, கை சும்மா இருக்காது. எங்க யூனிஃபார்ம்ல பட்டன் போனா ஓடி வந்து தெச்சுக் குடுக்கறாரு. அமெரிக்காவுல ஓட்டு எப்ப வருதுன்னு எங்களையே கேக்கறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்கப்பாவுக்குத் தெரியும், கேட்டுச் சொல்றேன்னேன்."

போனை இந்திராணியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

4 ஜூன்

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். சட்டம் ஓடணும், நிறைவேறணும்னு கேக்க வாய் வரல. ஓடக் கூடாதுன்னு கேக்கவும் வாய் வரல. பின்னால் இருந்த அம்மா, "நகருங்க சார், சாமி உங்க ஒத்தருக்கே உக்காந்திருக்க மாட்டாரு" என்றாள். திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

11 ஜூன், வியாழன்

எஸ்தர் வந்திருந்தாள். சங்கரியோடு அங்கே ஒரே அறையில் இருந்தவள், அரக்கோணம் பெண். ஒப்பந்தம் முடிந்து மொத்தமாக வந்துவிட்டாள். சங்கரி கொடுத்தனுப்பியது: பிஸ்தா, பேரீச்சம்பழம், அம்மாவுக்கு ஒரு சால்வை. ஜூன் வெயிலில் இந்திராணி அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டே தோசை வார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். பேச்சுவாக்கில், "சங்கரிக்கு டூட்டி கஷ்டமில்லையேம்மா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருக்கிற நாள்ல கஷ்டமில்ல அங்கிள். மக்மூர் போற ரெண்டு நாள்தான்."

"மக்மூரா?"

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேட்டு வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள், சண்டை நடக்கும் பக்கம், அடிபட்டவர்களை முதலில் கொண்டுவரும் இடத்துக்குப் போகிறாள். யாரும் அனுப்பவில்லை. இவளே பெயர் கொடுத்திருக்கிறாள். மார்ச்சிலிருந்து. எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எஸ்தர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் போட்டால் செங்கல்பட்டைவிடக் கொஞ்சம் தள்ளி.

"ஆன்ட்டி கிட்ட சொல்லிடாதீங்க அங்கிள். சங்கரி என்னைக் கொன்னுடுவா."

பஸ் ஏற்றிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். சைக்கிளை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். மறுபடி போய் எடுத்து வந்தேன்.

12 ஜூன், வெள்ளி

போன் வந்தது. மக்மூரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "பிஸ்தா நல்லா இருந்துச்சாப்பா?" நல்லா இருந்துச்சும்மா.

16 ஜூன், செவ்வாய்

மறுபடி அமாவாசை. இன்றைக்கு அமெரிக்க மேல்சபையில் ஓட்டு என்று பாய் ஆள் விட்டுச் சொன்னார். பெரிய பாதுகாப்பு மசோதா ஒன்றில் ஒரு திருத்தமாகக் கொண்டுவருகிறார்களாம்.

எங்கள் தெருவில் ஒரு தறிச் சத்தம் கிடையாது. தறி ஓடினால் யோசனை ஓடாது. இன்றைக்கு முழுக்க யோசனை.

இந்திராணியிடம் மக்மூரைச் சொன்னால் போதும். அவள் போனில் ஒரு அழுகை அழுதால் மறுநாளே பெண் டிக்கெட் எடுப்பாள். எந்த ஓட்டும் வேண்டாம். மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும், தண்ணி குடு என்றேன். "இன்னாங்க, சுகர் டெஸ்ட் பண்ணிக்கினு வாங்க" என்றாள்.

17 ஜூன், புதன்

மதியம் பாய் தானே வீட்டுக்கு வந்தார். நாளையோ மறுநாளோ நோன்பு ஆரம்பம், அதற்குள் உன் வீட்டு டீ ஒன்று என்றார். டீயைக் குடித்து முடிக்கும்வரை சொல்லவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"அம்பத்தி நாலு பேரு சரின்னாங்க. நாப்பத்தஞ்சு பேரு வேணாம்னாங்க."

"அப்ப ஓடிருச்சே?"

"இல்ல மாணிக்கம். அங்க இதுக்கு அறுபது வேணுமாம்."

எங்கள் சங்கத்தில் ஐம்பத்து நாலு கை எழுந்தால் மாலை வாங்கப் பூக்கடைக்கு ஆள் போய்விடும். நாற்பத்தைந்து ஜெயித்து ஐம்பத்து நாலு தோற்கும் சங்கத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆறு கை குறைவு. நான் சாமியிடம் வாய் திறக்காமல் வந்ததால் அமெரிக்காவில் ஆறு பேர் கை தூக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் அந்த ஆறு உறுத்துகிறது.

ஜெயித்துவிட்டேன் இல்லையா? நான் கேட்டதுதானே நடந்தது? இந்திராணி பாயின் டம்ளரை எடுத்துக்கொண்டே, "அப்ப வந்துடுவாளா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. பாய் தரையைப் பார்த்தார். நானும் அதே இடத்தைப் பார்த்தேன்.

19 ஜூன், வெள்ளி

பத்தரைக்குப் போன். இந்திராணி குளிக்கப் போயிருந்தாள்.

"அப்பா, பாதிக்கு மேல கை தூக்கினா இருன்னு சொன்ன. அம்பத்தி நாலு பாதிக்கு மேலதானே?"

"சட்டம் ஓடலியேம்மா."

"ஓடணும்னு நீ சொல்லல. கைதான் சொன்ன."

உண்மைதான். அறுபது என்று ஒரு கணக்கு உலகத்தில் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷமாகச் சங்கத்தில் கையை எண்ணி எண்ணி, உலகமே அப்படித்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மழுப்பலாம். சங்கத்தில் எத்தனை தீர்மானத்துக்கு மழுப்பியிருக்கிறோம்.

"அங்க எல்லாரும் இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் பேசலப்பா. அந்த டெய்லரு மட்டும் ஒண்ணு கேட்டாரு."

"இன்னா?"

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு."

அந்த மனுஷன் என் பெண்ணைத் திட்டவில்லை. அமெரிக்காவைத் திட்டவில்லை. தேதி மட்டும் கேட்டிருக்கிறான். பையனை அங்கே நிற்க வைத்திருக்கும் அப்பன். நான் பெண்ணை இங்கே இழுத்துக்கொண்டிருக்கும் அப்பன்.

"கை எண்ணிக்கை சரிதாம்மா. நீ இரு" என்றேன்.

அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, லைன் சரியில்லை. நான் கேட்டேன்: "மக்மூர்ல குடிக்கத் தண்ணி ஒழுங்கா கெடைக்குதா?"

லைன் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன்.

"கெடைக்குதுப்பா. டேங்கர் வருது."

"சரி. காய்ச்சிக் குடி."

20 ஜூன்

இந்திராணிக்குச் சொல்ல வேண்டும்.

22 ஜூன்

சொல்லவில்லை.

23 ஜூன், செவ்வாய்

சொல்லிட்டேன். ரெண்டையும் சொல்லிட்டேன். இருன்னு சொன்னதையும், மக்மூரையும். தறியில புடவைக் கரை கோத்துக்கினு இருந்தா. இழை ஓட்டுற நாடாவைக் கீழ வெச்சா. திட்டல. அழல. என்னை ஒரு பார்வை பார்த்தா — கல்யாணமாகி முப்பது வருஷத்துல அந்தப் பார்வை கிடையாது. எழுந்து போய் பக்கத்து வீட்டு வடிவாம்பாள் கிட்ட உக்காந்துட்டா.

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

27 ஜூன்

ஐந்தாம் நாள். பேச்சு இல்லை. தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறாள், நேரம் தவறாமல். சாப்பாடு வருகிறது. உப்பும் சரியாக இருக்கிறது. நேற்று சங்கரி போன் செய்தபோது, எனக்கு வேலை இருக்குது என்று எழுந்து போய்விட்டாள்.

பாயிடம் சொல்லிப் புலம்பினேன். "நோன்பு வாயால சொல்றேன் மாணிக்கம், நீ வாயத் தொறக்காத. தொறந்தா கெடுத்துடுவே" என்றார்.

30 ஜூன்

இன்றோடு பழைய ஒப்பந்தம் முடிகிறது. புதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த டெய்லரின் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தோள் ஆறியதும் மறுபடி சண்டைக்குப் போவான் என்று எழுதியிருந்தாள்.

3 ஜூலை, வெள்ளி

பத்தரைக்குப் போன் வரவில்லை. பதினொன்றரை. வரவில்லை. நெய்துகொண்டே இருந்தேன். இழை அறுந்தது, முடி போட்டேன், மறுபடி அறுந்தது. இந்திராணி கரையிலிருந்து எழுந்து போய் போனை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவளே எடுத்தாள்.

அந்தப் பக்கம் சங்கரி என்னவோ நீளமாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. இந்திராணி உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அடிபட்டு எத்தினி பேர கொண்டாந்தாங்க?" என்றாள்.

பதிலைக் கேட்டாள்.

"எல்லாம் பொழைச்சிக்கிச்சா?"

நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அழுவாத. மூஞ்சி கழுவிக்கினு சாப்டு. அப்பறம் பேசு. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "இன்னா பாக்கறீங்க? இழைய எடுத்துக் கட்டுங்க" என்றாள்.

பத்து நாளில் என்னிடம் பேசியது இதுதான்.