முழுக்கைச் சட்டையில் உன் தங்கச்சி

இசக்கியம்மன் துணை

ஸ்ரீவைகுண்டம்,
ஐப்பசி 24, செவ்வாய்.

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசித்தான் நான் எல்லாவற்றையும் கெடுத்தேன். ரெண்டு மாதமாக நீ கூப்பிட்டால் சாப்பிட்டாயா மழை உண்டா என்று கேட்டுவிட்டு அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன், நீயும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. ஐந்தாவது படித்த கை, வரி மேலேயும் கீழேயும் போகும், பொறுத்துப் படி. உன் கம்பெனியின் சம்மதக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதைப் பாத்திமா நேற்றே படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டாள், அசல் இந்தக் கவருக்குள் இருக்கிறது. நீ செய்கிற அந்த வீடியோ கேமில் உன் தங்கச்சியே நடக்கட்டும். வேண்டாம் என்று சொன்னவள் எப்படி மாறினாள் என்று பாத்திமா எழுதியிருக்க மாட்டாள், அதை நான்தான் சொல்ல வேண்டும்.

இங்கே வடகால் வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. ஏத்தன் வாழை எல்லாம் குலை தள்ளி நிற்கிறது, இந்த மாதம் காற்று மட்டும் அடிக்காமல் இருந்தால் போதும், முட்டுக் கொடுக்கக் கம்பு வாங்கிப் போட்டிருக்கிறார் அப்பா. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கூரையில் ஓடு ரெண்டு மாற்றியாயிற்று, இனி ஒழுகாது.

அன்றைக்கு நான் உன்னைப் போனில் கேட்டது எனக்கே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கூடப்பிறந்தவளைத் துணி இல்லாமல் நிறுத்தி விற்கிறாயாடி என்று கேட்டேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது. நடந்தது என்ன என்றால், நீ தங்கச்சியை வைத்து கேம் செய்கிறாய், அதில் அவள்தான் முக்கியமான ஆள், குடும்பத்தார் சம்மதம் வேண்டும் என்று சொன்ன மறுநாள் உன் சித்தப்பா இசக்கிதுரை வந்தார். மதினி, கேம்ல பொம்பளையப் போட்டா எப்படிப் போடுவானுவ தெரியுமா, இந்தா பாருங்க என்று அவர் போனில் எதையோ ஓடவிட்டுக் காட்டினார். அதில் ஒருத்தி கையில் துப்பாக்கியோடு ஓடுகிறாள், உடம்பில் உள்ள துணி ஒரு துண்டுக்குக் காணாது, படம் எடுக்கிறவன் அவள் முகத்தைக் காட்டாமல் பின்னாலேயே ஓடுகிறான். அவளைச் சுடுகிறார்கள், விழுகிறாள், மறுபடியும் முதலில் இருந்து ஓடுகிறாள். செத்தா என்ன மதினி, திரும்ப ஒரு தட்டு தட்டினா வந்துருவா, ஒரு நாளைக்கு நூறு தடவ கூடச் சாவா என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது உன் கேம் இல்லை, வேறு யாருடையதோ என்று எனக்கு யார் சொல்வது. நான் அதைத்தான் உன்னுடையது என்று நினைத்தேன். ஒரு தடவை வெள்ளத்தில் போனவளை, ஊர் உலகத்தில் உள்ளவன் கையில் எல்லாம் கொடுத்து இன்னும் நூறு தடவை முக்கிச் சாகடிக்கப் போகிறாளே என்று வயிறு எரிந்தது. அதிலும் அவள் இப்போது நம் வீட்டுக் கன்னி. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை, ஓலைப்பெட்டியில் பட்டுப்பாவாடையும் தாவணியும் மடித்து வைத்து வருசா வருசம் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். அந்தப் பிள்ளையை இப்படி நிறுத்தலாமா என்று அழுதேன். அவளைப் போட்டே தீருவாய் என்றால் தாவணி கட்டி, தலையில் பூ வைத்துப் போடு என்று சொன்னேன். வெள்ளத்துக்குள்ள தாவணி கட்டிட்டு யாரும்மா எறங்குவா என்று நீ கேட்டாய். அப்படியானால் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதீன் பாத்திமா வந்தாள். உன் தங்கச்சியோடு பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது பஜாரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள், தெரியுமே. தோளில் லேப்டாப்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, பெரியம்மா, நான் வந்தத அக்காட்ட சொல்லிராதீங்க என்று சொன்னாள். நான் சொல்லிவிட்டேன், அவளைத் திட்டாதே. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, நீ ஒன்றரை வருசமாக அந்தக் கம்பெனியில் எவ்வளவு மல்லுக்கு நின்றிருக்கிறாய் என்று. முதலில் அவர்கள் ஒரு ஆம்பளையைப் படகில் ஏற்றி, உன் தங்கச்சியைக் கூரை மேல் உட்கார்ந்து அழ வைத்தார்களாமே. அவன் வந்து காப்பாற்ற வேண்டுமாம். கிராமத்துப் பிள்ளை தனியாக வெள்ளத்தில் நடந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்களாம். நீ விடவில்லையாம். பிறகு சரி என்று அவளை நடக்கவிட்டு, இடுப்பைச் சுருக்கிச் சட்டையை இறுக்கி நிறத்தை வெளுப்பாக்கிக் கொண்டு வந்தார்களாம். நீ அதையும் விடவில்லையாம். இவ்வளவும் செய்துவிட்டு, நான் வேண்டாம் என்ற ஒரே சொல்லுக்கு, எங்க அம்மைக்கு மனசு இல்ல, எடுத்துருங்க என்று அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவர்களும் இந்த மாதக் கடைசிக்குள் பழைய படகுக்காரனையே திரும்பப் போடப் போகிறார்களாம். பெரியம்மா, அக்கா ஒங்களுக்காவ விட்டுட்டா, ஒங்கட்ட சொல்லவும் இல்ல, நீங்க ஒருக்கா பாத்துட்டாவது வேண்டாம்னு சொல்லுங்க என்றாள்.

சரி காட்டு என்று உட்கார்ந்தேன். நம் தோட்டம் வந்தது. நம் மடை, நம் பம்புசெட் ரூம், மேலே கறுத்துக் கிடக்கிற வானம். நடுவில் உன் தங்கச்சி முதுகைக் காட்டி நிற்கிறாள். நான் முதலில் உடுப்பைத்தான் பார்த்தேன். உன் அப்பாவின் முழுக்கைச் சட்டை, கையை முட்டுக்கு மேல் சுருட்டிவிட்டு, காலில் பழைய சுடிதார் பேன்ட். வாழைக்கறை கூட விட்டுப்போகாமல் போட்டிருக்கிறாய். தேனு, நான் உனக்கு உள்ளதைச் சொல்லுகிறேன். அவள் இருந்த காலத்தில் ஒரு நாளாவது பட்டுப்பாவாடை கட்டினாளா, வயசுக்கு வந்த அன்றைக்குக் கட்டிவிட்டதையே குத்துகிறது என்று பிடுங்கிப் போட்டவள். நாங்கள் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட்டது யாரோ ஒரு பிள்ளை. இந்தா, இவள்தான் நான் பெற்றவள் என்று அப்படியே தெரிந்தது. திரும்பினாள். முகத்தை ரொம்ப அழகாக்காமல் அவள் முகத்தையே போட்டிருக்கிறாய், அந்தத் தெற்றுப்பல்லோடு. பாத்திமா லேப்டாப்போடு மாட்டுகிற ஒரு கறுப்புச் சாமானை என் கையில் கொடுத்து இதைத் தள்ளினால் நடப்பாள், இதை அமுக்கினால் தாண்டுவாள் என்று காட்டினாள். நான் அமுக்கிய அமுக்கில் அவள் போய் வாழை மூட்டில் முட்டிக்கொண்டு நின்றாள். பெரியம்மா, பைய அமுக்குங்க, மாவா இடிக்கிய என்று பாத்திமா சிரித்தாள். தோட்டத்தில் நிற்கிற மூன்று ஆட்டையும் அவள் மேட்டில் கொண்டு சேர்க்க வேண்டுமாம். ஆடு ஒன்று வராமல் இழுத்தது, உடனே உன் தங்கச்சி, ஏ சனியனே, இங்கன வா, ஒன்னத் தூக்கிட்டுப் போவ நான் என்ன ஒங்க அம்மையா என்று ஏசினாள். குரல் பாத்திமா பேசி உனக்குப் பதிந்து அனுப்பியதாம், வசவு உன் தங்கச்சியுடையது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது எனக்கே புதிதாக இருந்தது.

அப்புறம் தண்ணீர் வந்தது. முழங்கால் வரை வந்து இடுப்பு வரை வந்தது. நான் எதையோ மாற்றி அமுக்கிவிட்டேன், அவள் சறுக்கி உள்ளே போய்விட்டாள். நான் சாமானைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து பாத்திமா கத்துகிறாள், பெரியம்மா, சாவல, எந்திரிச்சிட்டா, வந்து பாருங்க என்று. எட்டிப் பார்த்தால் வரப்பு மேல் உட்கார்ந்து இருமுகிறாள், சட்டை முனையை முறுக்கித் தண்ணீரைப் பிழிகிறாள், முடியை அள்ளிக் கட்டுகிறாள். இந்தக் கேமில் அவள் விழுந்தால் கரையில்தான் ஏறி உட்காருவாள், எத்தனை தடவை விழுந்தாலும் சாக மாட்டாள், அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறாள் என்று பாத்திமா சொன்னாள். அதைக் கேட்டதும் ரெண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. இனி எந்த ஊர்க்காரன் கையில் போனாலும் என் பிள்ளையை அவன் சாகடிக்க முடியாது. அவன் வேண்டுமென்றே தண்ணீரில் தள்ளினாலும் அவள் எழுந்து சட்டையைப் பிழிந்துவிட்டு நடப்பாள். எவனும் படகில் வரவில்லை, யாரும் கை கொடுக்கவில்லை, அவளே போகிறாள். விளையாடுகிறவன் ஆம்பளையாக இருந்தாலும் அவள் கால் வைக்கிற இடத்தில்தானே அவனும் கால் வைக்க வேண்டும். தாவணி என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது, அந்த முள்வேலியைத் தாண்டுகிற இடத்தில் தாவணி கட்டியிருந்தால் மாட்டிக்கொண்டுதான் தொங்கியிருப்பாள்.

மத்தியானம் உன் அப்பா வாழை இலை அறுத்துப் போட்டுவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆட்டையெல்லாம் விற்றுவிட்டுக் கொட்டகையையும் பிரித்துப் போட்டார். அன்றைக்கு ஆட்டை அவிழ்த்துவிட்டு வா என்று அவளை அனுப்பியது அவர்தான். அது நம் மூன்று பேருக்கும் தெரியும், நாம் யாரும் வாயால் சொன்னதில்லை. நான் அவரைக் கவனிக்காமல் அவளை மடைப் பக்கம் நடத்திக்கொண்டு போகிறேன், பின்னால் இருந்து ஒரு சத்தம். ஏட்டி, மடைப் பக்கம் போவாத, அங்கன கரை இத்துப்போயிக் கெடக்கு, மேக்கால சுத்தி வா. என்னைச் சொல்லவில்லை, அவளைச் சொல்கிறார். நான் மேற்கே திருப்பினேன். ஆடு போனா போவுது, விட்டுட்டு நீ ஏறி வாட்டி என்றார். ஆட்டை விட்டுவிட்டு வரலாமா என்று பாத்திமாவைப் பார்த்தேன். வரலாம் பெரியம்மா, ரெண்டு வழியும் உண்டு என்றாள். விட்டுவிட்டு வந்தேன். அவள் மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். உன் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மூன்று வருசமாக உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்தது, அழட்டும் என்று விட்டுவிட்டோம். அழுது முடித்துச் சோறு கேட்டார், ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அந்தச் சாமானை வாங்கி, பெருவிரலை வைத்து நெரித்து, ஒன்பது தடவை விழுந்து, பத்தாம் தடவை மூன்று ஆட்டோடும் அவளை மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார். சாயங்காலம் சித்தப்பா வந்து, என்னண்ணே, பொம்பளப் புள்ளைய வச்சு எவன் வெளயாடுவான் என்று கேட்டார். ஏலே, அம்மன் கொடைக்குக் கொட்டு அடிச்சா நம்ம கோயில்ல யாரு முன்னால ஆடுத, ஆம்பளைக்கா ஆடுத, இசக்கிக்குத்தானே என்று உன் அப்பா கேட்டார். சித்தப்பா, அந்தச் சாமானத் தாங்க பாப்போம் என்று உட்கார்ந்தார், விழுந்துகொண்டே இருந்தார். நேற்று நான் வடகாலுக்குத் துணி துவைக்கப் போனேன். மூன்று வருசம் குழாயடியிலேயே துவைத்தவள், தண்ணீரில் கால் வைத்தேன், ஒன்றும் செய்யவில்லை.

கேமில் ரெண்டு மூன்று திருத்தம் சொல்கிறேன், செய்ய முடிந்தால் செய். ஆட்டுக்குட்டியை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள், தண்ணீரில் அப்படிப் போனால் கை ஓயும், கழுத்தில் போட்டு நாலு காலையும் முன்னால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பு காற்று வருகிற பக்கத்திலேயே நிற்கிறது, மரம் சாய்கிற பக்கத்தில்தான் நிற்க வேண்டும், வாழை வைத்த சம்சாரி பார்த்தால் சிரிப்பான். அப்புறம் அவள் பேர். கேமில் பேர் வைக்காமல் காலியாக விட்டிருக்கிறாய், அம்மா சொன்னால்தான் வைப்பேன் என்று இருந்தாயாம். பெட்டியில் துணி வைத்ததில் இருந்து நாங்கள் கன்னி கன்னி என்றே சொல்லி வருகிறோம், உன்னிடம் பேசினாலும் உன் தங்கச்சி என்றுதான் சொல்லுகிறேன், இந்தக் கடிதத்திலும் இவ்வளவு தூரம் அப்படியேதான் எழுதி வந்திருக்கிறேன். கம்பெனிக் காகிதத்தில் பேர் எழுத ஒரு கோடு போட்டிருந்தது. அதில் தமிழிலேயே இசக்கிச்செல்வி என்று எழுதினேன். எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அடுக்களையில் இருந்து உன் அப்பா யாரு என்று கேட்கிற மாதிரி எட்டிப் பார்த்தார். அந்தப் பேரையே போடு. சுருக்காதே, வெள்ளைக்காரன் வாயில் நுழையாது என்றால் நுழைகிற வரைக்கும் சொல்லிப் பழகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண் சூட்டுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி சோற்றை மிச்சம் வைத்து மறுநாள் தின்னாதே. நான் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே, பெற்றவள் புத்தி கெட்டுப் பேசிவிட்டாள் என்று விட்டுவிடு. இனி நீ கூப்பிட்டால் போனை அப்பாவிடம் கொடுக்க மாட்டேன். மார்கழிக்கு லீவு கிடைத்தால் வா, டிக்கெட் போட்டதும் சொல், அப்பா ஜங்ஷன் ரயில் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பார். அந்தப் படகுக்காரனை யாராவது மறுபடியும் கொண்டு வந்தால் இந்தக் காகிதத்தைக் காட்டு, எங்க அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று சொல். நீயும் நல்ல இடத்தில் வாழ்ந்து, நினைத்தது எல்லாம் நடந்து, நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இசக்கிச்செல்விக்கும் உனக்கும் அம்மா,
சுடலைவடிவு